சித்திரைக்கு ஒரு உயரம், கார்த்திகைக்கு ஒரு உயரம்

போன வாரம் பழைய பட்டறையிலிருந்து போன் வந்தது. நான் வேலையை விட்டு வெகுநாளாகிவிட்டாலும், புதிதாக ஏதாவது வண்டி வந்தால் அங்கிருப்பவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். மரியாதைக்குக் கூப்பிடுகிறார்களா, கேலிக்குக் கூப்பிடுகிறார்களா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எதுவானாலும் டீ கிடைக்கும் என்று போய்விடுவேன்.

அன்றைக்கு நின்றது ஒரு வெளியூர் வண்டி. கதவைத் திறந்ததும் அதுவாகவே ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு கொஞ்சம் கீழே இறங்கியது. ஆள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் மறுபடி எழுந்து நின்றது. உள்ளே காற்றுப் பையாம், பொத்தானாம், கம்ப்யூட்டராம். "எப்படி அண்ணாச்சி? இந்த மாதிரி நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க" என்றார்கள். பார்த்ததில்லைதான், ஆனால் செய்திருக்கிறேன் என்றேன். சிரித்தார்கள். நான் சொல்ல ஆரம்பித்தபோது பாதியில் ஒரு லாரி வந்து நின்று எல்லாரும் கலைந்துவிட்டார்கள். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் எப்போதும்வென்றான். படிப்பு ஏறவில்லை. கோவில்பட்டிக்கு வந்து லாரிப் பட்டறைகளில் கிரீஸ் அடித்து, டயர் கழற்றி, வேண்டிய மட்டும் திட்டு வாங்கிய பிறகு தவமணி அண்ணாச்சியின் கார் பட்டறையில் போய் ஒட்டிக்கொண்டேன். ஒட்டினவன் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். வேறு பட்டறைக்காரர்கள் கூப்பிட்டார்கள். போகத் தோன்றவில்லை.

தவமணி அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வண்டி ஒன்று வந்தால் பானெட்டைத் திறக்க மாட்டார். முதலில், வண்டிக்காரர் எங்கே உட்கார்ந்து வந்தாரோ அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். ஓட்டினவர் என்றால் ஓட்டுநர் சீட்டில், பின்னால் வந்தவர் என்றால் பின் சீட்டில். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருப்பார். தூங்குகிறாரோ என்று கஸ்டமர்கள் எங்களைப் பார்ப்பார்கள். எங்களுக்கும் சந்தேகம்தான். பிறகு இறங்கி வந்து, "இடது பக்கம் பின்னால பாரு" என்பார். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு இருக்கும்.

இன்னொரு பழக்கம், சஸ்பென்ஷன் வேலையில். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் ஏறி நிற்கும்போது முறுக்க விடமாட்டார். கையால் திருகி விட்டுவிட்டு, வண்டியைக் கீழே இறக்கி, முன்னும் பின்னும் நாலு தரம் தள்ளி, மட்கார்டில் கைவைத்து அமுக்கி அமுக்கி ஆட்டிய பிறகுதான் ஸ்பேனரைத் தொடலாம். "அது தன் கால்ல நிக்கட்டும்லே. தொங்கிக்கிட்டு இருக்கும்போது முறுக்குனா, நிக்கையில ரப்பர் முறுக்கிக்கிட்டுக் கெடக்கும்" என்பார். பிறகு டீக்கு அனுப்பிவிடுவார். வண்டி நிற்கும், நாங்களும் டீக்கடையில் நிற்போம். பட்டறைச் சிமெண்டுத் தரையில் வெயில் மெல்ல நகர்ந்து வண்டியின் வயிற்றுக்கடியில் போகும். அந்த நேரங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா நிற்பது யாருக்குத்தான் பிடிக்காது?

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊர் இளவட்டங்களுக்குக் காரைத் தாழ்த்தும் ஆசை பிடித்தது. ஸ்பிரிங்கில் ஒரு சுற்று அறுத்து எடுத்துவிட்டால் வண்டி தரையோடு தவழும். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் கரிசல் பக்கத்து வண்டிப்பாதையில் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. அப்படித் தாழ்த்திய ஒரு கல்யாண வண்டி எங்கள் ஊர்ப் பாதையில் நடுமேட்டில் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. ஆயில் தொட்டி உடைந்து, மாப்பிள்ளை மாலையோடு நடந்துதான் பெண் வீட்டுக்குப் போனார். அன்றோடு அண்ணாச்சி சொல்லிவிட்டார், தாழ்த்துகிற வேலை நம் பட்டறையில் கிடையாது என்று.

இது இப்படி இருக்க, இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு பங்குனி மாதத்தில் ஒரு பழைய வெள்ளைக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஓட்டி வந்தவர் ஒரு பெண். பெயர் செல்வராணி. ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் நடத்திவந்தார். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்யும் இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வது. சின்ன வயதில் வந்த போலியோவில் இரண்டு காலும் போனவர். கிளட்ச், பிரேக் எல்லாவற்றையும் கையால் இயக்கும்படி கோயம்புத்தூரில் லீவர் வைத்து, லைசென்சும் எடுத்திருந்தார். பக்கத்தில் அவருடைய தம்பி கணேசன் உட்கார்ந்திருந்தான்.

செல்வராணி இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, இந்த வண்டிய எனக்குத் தாழ்த்தித் தரணும்."

அண்ணாச்சி, "இங்கன அந்த வேல செய்யுறதில்லம்மா" என்றார்.

"காலேஜ் பயலுவ பகட்டுக்குப் பண்ணுதானுவ. எனக்குப் பகட்டுக்கு இல்ல. என் நாற்காலி ஒரு உயரத்துல இருக்கு, இந்த சீட்டு அதுக்கு மேல இருக்கு. கைய ஊனி எம்பிப் பாக்கேன், ஏற முடியல. ஏறணும்னா இவன் தூக்கி வைக்கணும், இறங்கணும்னா இவன் தூக்கணும். சமமா இருந்தா நானே நகந்து உக்காந்துருவேன்."

கணேசனுக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் தூக்குறதுல என்னக்கா கொற? பதினஞ்சு வயசுலருந்து தூக்குதேன். ஒரு நாளு முகம் சுளிச்சிருக்கனா?"

"நீ சுளிக்கலலே. அதான் எனக்குப் பெரிய பாரமா இருக்கு" என்றார் செல்வராணி. "இவன் தோட்டத்துக்குப் போனா நான் வீட்டுல. இவன் கல்யாண வீட்டுக்குப் போனா நானும் கல்யாண வீட்டுல. நாற்பது வயசு ஆவப்போவுது அண்ணாச்சி. எங்க போறேன்னு யாருக்கும் சொல்லாம நான் இதுவரைக்கும் ஒரு இடத்துக்கும் போனதில்ல."

அண்ணாச்சி கணேசனை இறங்கச் சொன்னார். ஓட்டுநர் சீட்டில் செல்வராணி இருந்ததால், பின் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். செல்வராணி கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அண்ணாச்சி கண்ணைத் திறந்து, "வீட்டுக்குப் போவோம், நீங்க ஏறுற எடத்தப் பாக்கணும்" என்றார்.

வீடு ஊரை விட்டுத் தள்ளி, கரிசல் காட்டின் ஓரத்தில் இருந்தது. வாசலிலிருந்து நாற்காலி உருண்டு வர ஒரு சிமெண்டு மேடை. அதற்குத் தோண்டும்போதே சுக்கான் பாறை தட்டும்வரை தோண்டித் தூண் நிறுத்திக் கட்டியதாகக் கணேசன் பெருமையாகச் சொன்னான். மேடையை ஒட்டி, கார்ச் சக்கரங்கள் நிற்க மண்ணின்மேல் இரண்டு வரிசையாகக் கல்பலகை பதித்திருந்தார்கள். பங்குனி வெயிலில் காடு முழுக்க வெடித்துக் கிடந்தது. வெடிப்புகளுக்குள் கையை விடலாம். தூரத்தில் காற்றே நெளிவதுபோல் இருந்தது. அண்ணாச்சி செல்வராணியிடம் அனுமதி கேட்டு அவருடைய சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கார் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்பிரிங்கை அறுக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். செல்வராணியே விசாரித்து வைத்திருந்தார்: ஏற்றி இறக்கும் வசதியுள்ள சஸ்பென்ஷன் செட் ஒன்று கோயம்புத்தூரில் கிடைக்கிறது. நல்லதெல்லாம் விலையில் எங்களுக்கு எட்டாத உயரம். வந்தது மலிவுச் சரக்கு. பெட்டியில் ஒரு குறிப்புத் தாள்கூடக் கிடையாது. நாலு ஷாக்கப்சர், ஒவ்வொன்றின் உடம்பிலும் மரை வெட்டி, அதில் இரண்டு ரிங். மேல் ரிங்கின்மீது ஸ்பிரிங் உட்காரும். ரிங்கைக் கீழே திருகினால் வண்டி இறங்கும், மேலே திருகினால் ஏறும். அடி ரிங் பூட்டு. மேலதை நகரவிடாமல் இறுக்கிக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம்.

பழையதைக் கழற்றும் முன்பு, சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட் நின்ற இடத்தை ஆணியால் கீறி வைத்துக்கொண்டேன். பிரேக் ஓஸ் குழாயைத் தொங்கவிடாமல் கம்பியில் கட்டினேன். புது மரையை மண்ணெண்ணெயில் கழுவினால் உள்ளேயிருந்து இரும்புத்தூள் வருகிறது. மலிவுச் சரக்கின் லட்சணம். பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு மரையாகத் தேய்த்து, கிரீஸ் பூசி, ரிங் கையாலேயே ஓடும்வரை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒரு ரிங் ஓடவே மாட்டேன் என்றது. அதோடு ஒரு முழுநாள் மல்லுக்கு நின்றேன். பிறகு மாட்டி, கையால் திருகி, வண்டியை இறக்கித் தள்ளி ஆட்டினோம். டீக்குப் போக அண்ணாச்சி விடவில்லை. "அந்தம்மா உக்காரட்டும். அவிய கனத்தோடதான் வண்டி நிக்கப்போவுது. அவிய இல்லாம முறுக்கி என்னத்துக்கு?" என்றார். கணேசன் தூக்கி உட்காரவைத்தான். செல்வராணி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க, நான் அடியில் படுத்துப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினேன். மேலே ஒருவர் மூச்சு விடுவது அடியில் படுத்திருப்பவனுக்கு ஸ்பிரிங் வழியாகத் தெரியும். நம்புகிறவர்கள் நம்பலாம்.

பிறகு வீட்டுக் கல்பலகையில் வண்டியை நிறுத்தி, நாற்காலிக்குச் சமமாக ரிங்குகளைத் திருகி, சக்கர நேரை நூல் கட்டிப் பார்த்தோம். எல்லாம் முடிந்தது. அண்ணாச்சி எங்களிடம், "எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்கலே" என்றார்.

நான், அண்ணாச்சி, கணேசன் மூன்று பேரும் காரை விட்டுக் காட்டைப் பார்த்துத் திரும்பி நின்றோம். காய்ந்த பருத்திமார் பிடுங்கிய வெறுங்காடு. ஒரு ஆட்டு மந்தை தூரத்தில் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நாற்காலியின் பிரேக் விழும் சத்தம். சேலை உரசும் சத்தம். ஒரு மூச்சு. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. கணேசன் தலையைத் திருப்பப் பார்த்தான். அண்ணாச்சி அவன் தோளில் கைவைத்தார். ஸ்பிரிங் லேசாக முனகியது. அடுத்து ஹாரன் அடித்தது. ஒரு தடவை இல்லை, விடாமல் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சித்திரை, வைகாசி, ஆனி முழுக்க அந்த வெள்ளை வண்டி ஊருக்குள் அங்குமிங்கும் போவதைப் பார்ப்போம். ஆபீசில் இதே மாதிரி இன்னொரு மேடையும் இன்னொரு நாற்காலியும் வைத்துக்கொண்டார்கள். கணேசன் கொஞ்ச நாள் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலு நாள் நிற்காத மழை. விட்ட மறுநாள் செல்வராணியிடமிருந்து போன்: "அண்ணாச்சி, வண்டி வளந்துட்டு."

ஓடினேன். உண்மைதான். சீட்டு நாற்காலிக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. அவரால் ஏற முடியவில்லை. காலையில் கணேசன்தான் தூக்கி வைத்து ஆபீசுக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் தூக்கி இறக்கியிருக்கிறான். அவன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்ததையும் பார்த்தேன். மலிவுச் சரக்கு காலை வாரிவிட்டது என்று நினைத்தேன். ரிங் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். வைத்த இடத்தில் இருந்தது. ஸ்பிரிங்கா என்று பட்டறைக்குக் கொண்டுபோய் நாலையும் கழற்றினேன். சிமெண்டுத் தரையில் அளந்தால் பங்குனியில் இருந்த அதே உயரம். திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினால், மறுபடி வளர்ந்து நிற்கிறது. எனக்குப் பித்துப் பிடிக்காத குறை. செல்வராணி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் தாங்கவில்லை. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டது போல் இருந்தது.

அண்ணாச்சி வந்தார். வழக்கம்போல நாற்காலியைக் கேட்டு வாங்கி, மேடையில் உட்கார்ந்து கண்ணை மூடினார். இந்தத் தடவை உடனே திறந்துவிட்டார். குனிந்து மேடையின் பக்கச் சுவரைக் காட்டினார். பங்குனியில் அங்கே மண்ணுக்கும் சுவருக்கும் நடுவில் கை போகிற வெடிப்பு இருந்தது. இப்போது வெடிப்பு மூடி, மண் சுவரில் மேலேறி நின்றது. கல்பலகைகளும் மண்ணோடு சேர்ந்து ஏறியிருந்தன. மேடை மட்டும் பாறைமேல் நின்ற இடத்திலேயே நின்றது.

"ஏலே சண்முகம், வண்டி வளரலலே. பூமி வளந்திருக்கு" என்றார்.

கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் கதவு சாத்தாது, கோடையில் தானாகத் திறந்துகொள்ளும். இதெல்லாம் தெரிந்த நான் ஒரு வாரம் ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பட்டறைச் சிமெண்டுத் தரையிலேயே காலம் போனால் காலடியில் மண் இருப்பது மறந்துபோகும் போலிருக்கிறது. செல்வராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மெக்கானிக்குகளைவிட மண்ணே தேவலை என்றார்.

"நாற்காலிக்கு அடியில ஒரு பலகையப் போட்டுட்டாப் போச்சு" என்றான் கணேசன்.

"பலகையப் போடுறதுக்கு ஒரு ஆளு வேணும்லாலே" என்றார் செல்வராணி.

ஆகவே ரிங்கைத்தான் திருக வேண்டும். அதில்தான் அண்ணாச்சிக்குப் பயம். மண் ஊதும் மாதத்தில் வண்டியை இன்னும் தாழ்த்த வேண்டும். அதே மாதத்தில்தான் வீட்டிலிருந்து தார்ரோடு வரைக்கும் உள்ள பாதையில் நடுமேடு சேறேறி உயர்ந்து நிற்கும். கல்யாண வண்டிக்கு நேர்ந்தது இவருக்கு நேர்ந்தால், இறங்கி நடக்கவா முடியும்? அண்ணாச்சி பாதையில் போய் வந்து போய் வந்து நடந்துபார்த்தார். செருப்பில் சேறு அப்பி ஆளே உயரமாகிவிட்டார். "இந்த மேடு இருக்குற வரைக்கும் நான் தாழ்த்த மாட்டேன்மா" என்று சொல்லிவிட்டார். செல்வராணி தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை.

கணேசன் எங்கேயோ போனான். எரிச்சலில் போகிறான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. பின்னால் தண்டவாளத் துண்டு ஒன்றைக் குறுக்கே கட்டி இழுத்துக்கொண்டு பாதையில் வந்தான். நடுமேடு கறுப்பாகச் சுருண்டு சுருண்டு ஓரத்துக்குப் போயிற்று. ரோடு வரை போய்த் திரும்பி, மறுபடி போனான்.  அவன் இறங்கி வந்து, "இப்ப தாழ்த்துங்க அண்ணாச்சி" என்றான். ஒவ்வொரு மழைக்கும் அவன்தான் இழுத்துவிட்டான். தூக்குவதை விட இதில்தான் அவனுக்கு வேலை அதிகம்.

செல்வராணியின் நகப்பூச்சு வாங்கி மரையில் இரண்டு அடையாளம் வைத்தேன். கீழே உள்ளது கார்த்திகை, மேலே உள்ளது சித்திரை. வருஷத்துக்கு இரண்டு தரம் நான் கொக்கி ஸ்பேனரோடு போய்த் திருகிவிட்டு வருவேன். செல்வராணி மேடைப் படிகளில் கையூன்றி இறங்கி, பக்கத்தில் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, ஜாக்கி எப்படி, கட்டை எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும், பூட்டு ரிங்கை எந்தப் பக்கம் தளர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் குனிந்து வளைந்து பார்க்கிற இடம் தரையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணுக்கு நேராக இருந்தது. ஒரு தடவை ஸ்பேனரை மறந்து அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கேட்டபோது காணவில்லை என்றார். நான் வேறு வாங்கிக்கொண்டேன்.

அப்படி இரண்டு வருஷம் போன பிறகு, ஒரு கார்த்திகையில் மழை விட்ட காலையில் போனேன். வானம் வெளுத்து, உளுந்தங்காடு பச்சையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கல்பலகையில் வண்டி இல்லை. மேடையில் நாற்காலி மட்டும் இருந்தது. கீழே சாக்கு, ஜாக்கி, மரக்கட்டை, காணாமல் போன என் ஸ்பேனர். கணேசன் வாசலில் நிலைகொள்ளாமல் நின்றான்.

"அவியளே நாலு ரிங்கையும் திருகிட்டு விடியக் கெளம்பிட்டாங்க அண்ணாச்சி. ஆபீசுக்குப் போன் பண்ணுனா வரலங்காங்க. செல்போன எடுக்கல. எங்க போனாவன்னு ஒருத்தருக்கும் தெரியல."

 ஒரு ரிங் சரியாகப் பூட்டாமல் இருந்தால்? மலிவுச் சரக்கு வழியில் கைவிட்டால்? இருவரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெயில் ஏறிய பிறகு வண்டி வந்தது. நிதானமாக வந்து கல்பலகையில் ஏறி நின்றது. செல்வராணி எங்களைப் பார்த்து, "திரும்பி நில்லுங்க" என்றார். நின்றோம். நாற்காலிக்கு வந்து சேர்ந்தவர் முகத்தில் தூக்கம் கலைந்த குழந்தையின் தெளிவு இருந்தது.

"எங்கக்கா போனீங்க?" என்றான் கணேசன். 

"சும்மாதாம்லே."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

நான் ரிங்குகளைப் பார்க்கலாம் என்று சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்தேன். நான்கும் கார்த்திகை அடையாளத்தில் சரியாக நின்றன. பூட்டியது என்னைவிட இறுக்கமாக இருந்தது. மட்கார்டுக்கு உள்ளே பார்த்தேன். அடியில் எங்கள் கறுப்புச் சேறு. அதன்மேல் சாம்பல் நிறத்தில் இன்னொரு சேறு அப்பி, ஓரங்களில் வெள்ளை பூத்துக் காய்ந்துகொண்டிருந்தது. கரிசல் அப்படிக் காயாது. குளத்தூரைத் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே போகிற பாதையில்தான் அந்த மண் உண்டு. அதற்கு அப்பால் கடல்தான்.

நிமிர்ந்தேன். செல்வராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார்.

"கணேசா, ஒரு வாளி தண்ணி கொண்டா. சேறு காஞ்சா மரை இறுகிப்போவும்" என்றேன்.

கொண்டுவந்தான். முன் சக்கரங்களைக் கழுவினேன். வெள்ளை கரைந்து கல்பலகை வழியாக ஓடிக் கரிசலுக்குள் இறங்கிக் காணாமல் போயிற்று. பக்கத்தில் நின்ற கணேசன் மெல்லக் கேட்டான்: "அண்ணாச்சி, வண்டியப் பாத்தா எங்க போய்ட்டு வந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மெக்கானிக்குக்கு அதெல்லாம் எப்படிலே தெரியும்?" என்று சொல்லி, பின் சக்கரங்களுக்கு இன்னொரு வாளி தண்ணீர் கேட்டேன்.